பதினேழாம் வீட்டுப் படிவம்

அத்தியாயம் 9

பெற்ற தாயைத் தெரியாதவன்போல் மூன்று நாள் நடந்து தீர்த்த காசிநாதனுக்கு, நாலாம் நாள் காலையில் அவள் வீட்டுக்கே விவரம் கேட்டு எழுதப் போகவேண்டும் என்று வந்தது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் பத்து நாள் முகாம் முதலில் செய்யாறு பக்கம் என்றுதான் இருந்தது. கடைசி நேரத்தில் அது முசரவாக்கத்துக்கு மாறியதையும், பட்டணத்துக் கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் சொந்த ஊரின் பேரைப் பார்த்த அன்றே அவன் வீட்டுக்கு ஓர் அஞ்சல் அட்டை எழுதிப் போட்டதையும் போன வாரம் சொன்னேன். அட்டையில் இருந்தது நாலே வரி. "முகாமுக்கு நம் ஊருக்கே வருகிறேன். என்னுடன் படிக்கும் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள். அம்மாவோ நீயோ என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். காரணத்தை நேரில் சொல்கிறேன்."

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விடுதியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த பரசுராமன், "காஞ்சிபுரமா? அப்ப பட்டுக்கார வீடுன்னு சொல்லு" என்றான். காசிநாதன் இல்லை என்று சொல்லாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பிலிருந்து பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீடும், வீட்டில் நாலு தறியும், தறிகளுக்கு நடுவில் ஓர் அப்பாவும் தானாக முளைத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக அவன் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நிஜத்தில் அவன் அப்பா கண்ணாயிரம் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அம்மா எல்லம்மாள் கூலிக்குக் களை எடுக்கிறவள். அக்கா அம்சா தினமும் நடந்தே காஞ்சிபுரம் டவுனுக்குப் போய், பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளி வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவள். பதினோரு வயதிலிருந்து சுற்றுகிறாள். அதனால்தான் தம்பி படிக்கிறான்.

லாரி வந்து நின்ற அன்று அவன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இறங்கினான். அவன் பிறந்து வளர்ந்த காலனியே கூடி வேடிக்கை பார்த்தது. ஒருவராவது அவன் பேரைச் சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. அம்மா மண்கூடையோடு அவனைக் கடந்து போனாள்; மரத்தைக் கடப்பதுபோல் போனாள். மணி என்கிற நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. கூட்டத்திலிருந்து யாரோ விட்டெறிந்த கல் அதன் முதுகில் விழ, அதுவும் கத்திக்கொண்டே ஓடிப்போயிற்று.

தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் மூன்று நாள் போனபின் அந்தத் தப்பித்தலே அவனை உறுத்தத் தொடங்கியது. வீட்டுக்கு எழுதிய அட்டை சரி. மொத்தக் காலனிக்கும் யார் எழுதினார்கள்?

"பதினொண்ணிலிருந்து இருபது வரைக்கும் பரசுராமன், காசிநாதன்" என்று படிவக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார் கலியாணசுந்தரம் சார். பொருளாதாரம் எடுப்பவர், முகாமுக்கும் அவர்தான் பொறுப்பு.

"சார், நாங்க ஏரிக்கரைப் பக்கம் போறோமே."

"ஏரிக்கரைப் பக்கம் வீடே இல்லையேப்பா" என்று சிரித்தார் அவர். "பரசுராமன் கேக்கட்டும், நீ எழுது. உன் கையெழுத்துதான் ஆபீஸ்ல எடுபடும். எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்குக் காலையில தாசில்தார் வர்றார். இந்த ஜனங்களோட மனைப்பட்டா மனுவுக்கு இந்தப் படிவம்தான் ஆதாரம். ஒரு வீட்டுல பொய்யா ஒரு வரி இருந்தாலும், மொத்தக் கட்டையும் தூக்கி மூலையில போட்டுடுவாங்க. புரியுதா?"

புரிந்தது. காசிநாதனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே புரிந்தது.

*

பதினாறாம் வீடு முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் பரசுராமன் ஒரே கேள்வியைக் கேட்டான்: "காலேஜ் வரைக்கும் போனவங்க யாராவது உண்டா இந்தக் காலனியில?" எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "யாரும் இல்லிங்க சார்."

மூன்றாம் வகுப்பில் காசிநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த ஆதிகேசவன், அவன் கண்ணைப் பார்க்காமல் அதையே சொன்னான். அவன் மனைவி தேவகி இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினேழாம் வீட்டு வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வேறு எந்த வீட்டிலும் அவ்வளவு பெரிய கோலம் இல்லை.

"உள்ள வாங்க சார்" என்றாள் அம்சா. இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். ஒரே கோரைப்பாயை இரண்டு பேருக்குமாக விரித்தாள்.

காசிநாதன் உட்கார்ந்ததும் அவன் பார்வை தானாகச் சுவருக்குப் போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் எடுத்த படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. படம் இருந்த அளவுக்குச் சுவரில் புகை படியாத ஒரு சதுரம். அந்தச் சதுரத்தின்மேல் புதிதாக மண் பூசி மறைக்கப் பார்த்திருந்தார்கள். பூச்சு இன்னும் சரியாகக் காயவில்லை.

எல்லம்மாள் அடுப்புப் பக்கம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள்போல் இருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா, நாங்க போலீஸ் இல்ல" என்றான் பரசுராமன். அரக்கோணத்து ரயில்வே குமாஸ்தா மகன். வாய் ஓயாது, மனசில் ஒன்றும் கிடையாது. "நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"களை எடுப்பேன் சார். நாத்து நடுவேன்."

"நீங்க?"

"பட்டுச் சுத்தறேன் சார், பிள்ளையார்பாளையத்துல" என்றாள் அம்சா.

பரசுராமனுக்குக் குதூகலம் வந்துவிட்டது. "அடடே! டேய், கேட்டியா? இவன் வீடே பட்டு வீடும்மா. பெரிய காஞ்சிபுரம். நாலு தறி ஓடுது. நீங்க சுத்தற நூலு இவங்க வீட்டுத் தறிக்கே போகுதோ என்னமோ!"

பேனா முனை படிவத்தில் அழுந்தி ஒரு புள்ளி பெரிதாக ஊறியது.

அம்சா தம்பியைப் பார்த்தாள். நாலு நாளில் அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

"அப்பிடிங்களா சார்?" என்றாள் மெதுவாக. "நாலு தறியா? பெரிய வீடுதான். எந்தத் தெருவுங்க சார்?"

"அது... சன்னதித் தெரு தாண்டி" என்றான் காசிநாதன்.

"அம்மா அப்பால்லாம் சௌக்கியங்களா?"

"ம்."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்சா.

"எங்க அக்காவுக்குத் தையில கல்யாணம்" என்று விடாமல் பேசினான் பரசுராமன். "புடவை இவங்க வீட்லதான் எடுக்கப்போறேன். இன்னைக்கு மத்தியானமே கூட்டிக்கிட்டுப் போடான்னா, தறியில எல்லாரும் பிசியா இருப்பாங்கன்னு சொல்றான்."

"இன்னைக்கு அமாவாசைங்களே சார். அமாவாசையில தறி ஓடாது. அதனாலதான் நானே வீட்ல இருக்கேன்."

பரசுராமன் திரும்பினான். "உங்க வீட்ல மட்டும் ஓடுமாடா?"

"எங்க வீட்ல ஓடும்" என்றான் காசிநாதன். காது மடல் எரிந்தது.

"ஓடும் ஓடும்" என்றாள் அம்சா. "சில வீட்ல ஓடும்."

நல்லவேளை, பரசுராமன் படிவத்துக்குத் திரும்பினான். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

எல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அவன் இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. ரேஷன் கடையில்கூட, "புள்ளய கேளுங்க" என்பாள். இப்போதும் வழக்கம்போல் மகள் பக்கம் திரும்பினாள். அம்சா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள், எத்தனையோ பள்ளிக்கூடப் படிவங்களில் எழுதிப் பழகிய அந்தக் கை, 'கண்ணாயிரம் (காலமானார்)' என்று எழுதி முடித்துவிட்டது.

பரசுராமன் எட்டிப் பார்த்தான். "உனக்கு எப்படிடா தெரியும்?"

அம்சா விறகை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றாள் அம்சா. "வாசல்ல வரும்போதே சொன்னேனே. நீங்க கோலத்தைப் பாத்துக்கினு இருந்தீங்க."

"அப்படியா?" என்று தலையைச் சொறிந்துகொண்டான் பரசுராமன். "சரி. பசங்க எத்தினி பேரும்மா?"

எல்லம்மாளின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காசிநாதன் அந்த உதட்டைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தான். 'ஆண்' என்று அச்சிட்டிருந்தது. அதன் எதிரில் ஒரு கட்டம். சொல்லிவிடலாம். எல்லாம் ஒரு வார்த்தைதான். ஒன்று என்று எழுதிவிட்டு, அது நான்தான் என்று சொல்லிவிடலாம்.

"நான் ஒருத்திதான் சார்" என்றாள் அம்சா.

"எழுதுடா."

எழுதினான். ஆண்: இல்லை. பெண்: ஒன்று. எழுத்து வழக்கம்போல் அழகாகத்தான் வந்தது.

"எழுதியாச்சாபா?" என்று கேட்டாள் எல்லம்மாள்.

நாலு நாளில் அவனைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"எழுதிட்டேம்மா" என்றான். எந்த வீட்டுக் கிழவியிடமும் எந்தப் பையனும் சொல்லக்கூடிய மாதிரிதான் சொன்னான். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

*

பேனா மூடியை எங்கேயோ விட்டுவிட்டதாகச் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான். மூடி சட்டைப் பையில்தான் இருந்தது.

அம்மா வீட்டில் இல்லை. அம்சா பின்பக்கம் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். பட்டுக்கார சார்."

"அக்கா..."

"அக்காவா? சன்னதித் தெருவுல உனக்கு அக்கா இருக்குதாடா?"

"கத்தாதக்கா. யாராவது கேட்டுடப் போறாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் காதைப் பொத்திக்குவாங்க." அம்மிக் குழவியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "ஏன் பொத்திக்குவாங்கன்னு ரோசனை பண்ணியாடா நீ? படிச்ச புள்ளயாச்சே."

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அம்சா கையைக் கழுவினாள். மிளகாய்ச் சிவப்பு போன பிறகும் விரல்களில் பட்டுநூல் அறுத்த கோடுகள் சிவப்பாகவே இருந்தன.

"உன் கார்டு வந்த அன்னிக்கு அம்மா அப்பதான் வேலையிலிருந்து வந்து உக்காந்துச்சு. காலைக்கூடக் கழுவல. 'படிம்மா, புள்ள இன்னா எழுதியிருக்கான்'னு காதை நீட்டுச்சு. நீ எழுதினதை நான் எப்பிடிடா படிப்பேன்? உம் புள்ள உன்னைத் தெரியாதுன்னு சொல்லப்போறான், நீயும் தெரியாதுன்னு சொல்லுன்னு படிக்கணுமா?"

அவன் காலடியில் கிடந்த முருங்கை இலையைப் பொறுக்கினான்.

"யூனிவர்சிட்டி சட்டம்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"முகாமுக்கு வர்ற புள்ளைங்க சொந்தக்காரங்களோட பேசக்கூடாது, பழகக்கூடாது. மீறினா சர்ட்டிபிகேட் கெடையாது, டிகிரியும் போயிடும்னு சட்டம். உனக்கு வேற வழியில்ல, நீ அழுதுக்கினே எழுதியிருக்கேன்னு படிச்சேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மாவும் அழுதுச்சு. அப்பறம் மூஞ்சியைத் தொடைச்சிக்கினு எழுந்து போச்சு. அன்னிக்கே வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வந்துச்சு. 'எம் புள்ளயக் கண்டா யாரும் பேரைச் சொல்லிக் கூப்புடாதீங்க, அவன் படிப்பு உங்க கையில இருக்குது'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சிக்கினு சொல்லுச்சு."

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. முந்தானையில் வாயைப் பொத்திய தேவகி. கண்ணைப் பார்க்காத ஆதிகேசவன். யாரும் இல்லிங்க சார், யாரும் இல்லிங்க சார் என்று வாசல்தோறும் கேட்ட பதில்.

"மணி மேல கல்லு விட்டது..."

"அம்மாதான். மூணு நாளா அதுக்கு மஞ்ச பத்துப் போட்டுக்கினு இருக்குது."

காசிநாதன் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டான். பரீட்சையில் தோற்றவன் எப்படி இருப்பான் என்று அவனுக்குத் தெரியாது, எதிலும் தோற்றதில்லை. இப்போது தெரிந்தது.

"சாயங்காலம் சார்கிட்ட சொல்லிடறேங்கா. பரசுராமன்கிட்டயும் சொல்லிடறேன்."

"வாத்தியாருகிட்ட சொல்றது பெரிசு இல்லடா. சிநேகிதக்காரனுக்குச் சொல்றதும் பெரிசு இல்ல. ஒரு நாளு சிரிப்பாங்க, அப்பறம் விட்டுடுவாங்க." அவள் மறுபடியும் அம்மி முன்னால் உட்கார்ந்தாள். "அப்பிடி ஒரு சட்டமே கெடையாது, நான்தான் உன்னை வேணாம்னேன்னு அம்மாகிட்ட சொல்லணும். அதைச் சொல்லுவியா?"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனா மூடியை எடுத்துத் திருகினான்.

"தெரியும். போ, உங்க சோறு ஆறிடும்."

திரும்பும்போது அடுப்பின்மேல் ஒரு சட்டி மூடி இருப்பதைப் பார்த்தான். கருவாட்டுக் குழம்பின் வாசனை.

"நாலு நாளா தெனமும் வைக்குது, இன்னைக்கு அமாவாசைன்னுகூடப் பாக்கல" என்றாள் அம்சா குனிந்தபடியே. "எப்பிடியாவது ஒரு வாயி குடுத்துடலாம்னு. தெனமும் நான்தான் துன்றேன்."

*

மத்தியானத்துக்குமேல் பாதை போடும் வேலை. ஊரிலிருந்து காலனிக்கு வரும் வழியில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு நிற்கும். ஏரியிலிருந்து மண் வெட்டி, கைக்குக் கை கூடை மாற்றி அங்கே கொட்டினார்கள். மாணவர்களும் காலனிக்காரர்களும் கலந்து ஒரே வரிசையாக நின்றார்கள்.

காசிநாதன் இடம் மாறி இடம் மாறி அம்மாவுக்கு அடுத்தாற்போல் வந்து நின்றுவிட்டான். அவள் கை கொடுக்கும் கூடையை அவன் கை வாங்க வேண்டும். நாலு கூடை அப்படி வந்து போயிற்று. விரல்கள் படாமல் கொடுக்க அவள் படாதபாடு பட்டாள்.

"அம்மா" என்றான் தாழ்ந்த குரலில். "ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சட்டம்..."

"வாயைத் தொறக்காத." உதடு அசையாமல் சொன்னாள். கண் கூடையிலேயே இருந்தது. "வாத்தியாரு பாத்துக்கினு இருக்குறாரு."

"பாத்தா பரவாயில்லம்மா. சட்டமெல்லாம்..."

"ஆறு நாளுதான்டா இருக்குது. பொறுத்துக்கினு போ."

அடுத்த கூடை வருவதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள். இடுப்பு வலி என்று உரக்கச் சொல்லி, வரிசையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பதிலாகத் தேவகி வந்து நின்றாள். "தள்ளி நில்லுங்க சார்" என்றாள் மரியாதையாக.

*

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. புளியமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, கலியாணசுந்தரம் சார் காலனிக்காரர்களைக் கூட்டிக் குறை கேட்டார். பக்கத்தில் படிவக் கட்டு. மாணவர்கள் கையில் டீ டம்ளரோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிணறு தூர் வார வேண்டும் என்றார் ஒருவர். விளக்குக் கம்பம் வேண்டும் என்றாள் ஒருத்தி. சார் குறித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் எல்லம்மாள் நின்றிருந்தாள். துவைத்த புடவை. கையில் ஒரு தூக்குப் பாத்திரம், முந்தானைக்குள் பாதி மறைந்திருந்தது.

"நீங்க என்னம்மா, சொல்லணும்னு நிக்கறீங்க. வாங்க முன்னால."

அவள் வந்தாள். குரலை இறக்கித்தான் பேசினாள். ஆனால் எல்லாரும் அடங்கியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணும் இல்ல சார். உங்க சட்டத்துல ஒரு சந்தேகம். பேசத்தான கூடாது? சோறு போட்டா தப்புங்களா?"

"எந்தச் சட்டம்மா?"

"அதான் சார். யூனிவர்சிட்டி சட்டம். முகாமுக்கு வந்த புள்ளய பெத்தவங்க பாக்கக்கூடாது, பேசக்கூடாதுன்னு இருக்குதே. நான் பேசல சார். யாரைவேணா கேளுங்க. இந்தத் தூக்க இங்க வச்சிட்டுப் போயிடறேன். யாரு வச்சதுன்னு சொல்லவேணாம். நாப்பது புள்ளைங்களோட சேத்து அதுவும் ஒரு வாயி துன்னட்டும்."

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படி ஒரு சட்டமே கிடையாதும்மா. உங்க பையன் இந்த முகாம்ல இருக்கானா? யாரு?"

எல்லம்மாள் சட்டென்று உஷாரானாள். சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். நாற்பது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லா முகத்திலும் கண் நின்றது. ஒரு முகத்தில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போயிற்று.

"பேரு சொல்ல மாட்டேன் சார்."

டீ டம்ளர்கள் எல்லாம் வாய்க்குப் போகாமல் நின்றன. காசிநாதன் எழுந்தான். எழுந்தது தெரியும், எப்படி எழுந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

"நான்தான் சார்" என்றான். "இவங்க எங்க அம்மா."

அரக்கோணத்துப் பரசுராமன் கையிலிருந்த டீ அவன் மடியில் கொட்டியது.

எல்லம்மாளின் முகம் வெளுத்தது. ஓரடி பின்னால் போனாள். பிறகு இரண்டடி முன்னால் வந்து, சாருக்கும் மகனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"இல்ல சார்! இந்தப் புள்ளய எனக்குத் தெரியாது. பாவம், நாள் முச்சூடும் வெயில்ல மண்ணு தூக்குச்சு, ஏதோ பேசுது. இதும்மேல எதுவும் எழுதிடாதீங்க சார்."

"அம்மா!"

"யாருபா நீ? ஒக்காரு. உன் வேலையப் பாரு." அவனை அதட்டிவிட்டு மறுபடி சாரிடம் திரும்பினாள். "எனக்கு ஒரே பொண்ணு சார். காலையிலதான் எழுதிக்கினு போனாங்க. பதினேழாம் வீடு. எடுத்துப் பாருங்களேன்."

சார் கட்டிலிருந்து பதினேழாம் படிவத்தை உருவினார். படித்தார். ஆண்: இல்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. மை காய்ந்து கறுத்திருந்தது. படிவத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் காசிநாதனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணுதான் சார்" என்றாள் தேவகி, கூட்டத்திலிருந்து.

"ஆமா சார். நாங்க சாட்சி" என்றான் ஆதிகேசவன்.

"ஒரே பொண்ணு சார். ஆம்பளப் புள்ளயே கெடையாது." ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். மொத்தக் காலனியும் எழுந்து, காசிநாதன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று அவனுக்காகச் சாட்சி சொன்னது.

"சார்" என்றான் பரசுராமன். ஈர மடியைத் தட்டிக்கொண்டே மெதுவாக எழுந்தான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "காலையில இவங்க வீட்டுக்காரர் பேரைக் கேட்டேன். இவங்க சொல்லல. யாரும் சொல்றதுக்கு முன்னாடியே இவன் எழுதிட்டான்."

கலியாணசுந்தரம் சார் பெஞ்சை விட்டு எழுந்து எல்லம்மாளின் எதிரில் வந்து நின்றார்.

"நான் சொல்றதை நம்புங்கம்மா. இந்த முகாமுக்கு நான்தான் பொறுப்பு. காலேஜுலயும் சரி, யூனிவர்சிட்டியிலயும் சரி, பிள்ளை தாயோட பேசக்கூடாதுன்னு எங்கயும் சட்டம் கிடையாது. இருந்தா நான் இந்த வேலையில இருக்க மாட்டேன். உங்களுக்கு யார் சொன்னாங்க?"

எல்லம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லாத முகம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தூக்கு அவள் கையில் கனத்துத் தாழ்ந்தது. மெல்லத் திரும்பி, புளியமரத்துக்குப் பின்னால் நின்றிருந்த மகளைப் பார்த்தாள்.

"அம்சா" என்றாள். "அந்தக் கார்டுல இன்னாதான்டி எழுதியிருந்துச்சு?"

அம்சா தம்பியைப் பார்த்தாள்.